கையெழுத்து வாங்கினால் பயிற்சி முடிந்ததா? – வாசகர் கேள்வி, பதில்

வேலையிடத்தில் தரப்படும் பாதுகாப்புப் பயிற்சி பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி போன இதழில் கேட்டிருந்தோம். நிறைய வந்தன. எழுதியவர்களில் பலர் "தயவுசெய்து பெயர் போடாதீர்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது என்பதால் யார் பெயரையும் போடவில்லை, ஊர் மட்டும் இருக்கிறது. பதில் சொல்லும் நான், கோவைப் பக்கம் உலோகத்தை உருக்கி வார்க்கும் ஃபவுண்டரியிலும் பம்பு தொழிற்சாலையிலும் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள்.

பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருக்கிறேன். பையர் ஆடிட்டுக்கு (துணி வாங்கும் கம்பெனி நடத்தும் சோதனைக்கு) முந்தின வாரம் எங்கள் எல்லோரையும் கேன்டீனில் உட்கார வைத்து ஒரு வீடியோ போட்டார்கள். பின்னால் இருந்தவர்களுக்குச் சத்தமே கேட்கவில்லை. முடிந்ததும் தீ, முதலுதவி, இயந்திரம், ரசாயனம் என்று தனித்தனித் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். நானும் போட்டுவிட்டேன். தப்பா?
– வாசகி, திருப்பூர்

தப்பு உங்கள் பக்கம் இல்லை, அம்மா. ஆனால் அந்தத் தாள் எதற்குப் பயன்படும் என்று தெரிந்துகொள்ளுங்கள். நாளைக்கு ஊசி விரலில் ஏறினாலோ, மாடியில் தீப்பிடித்து யாராவது இறங்க முடியாமல் சிக்கினாலோ, அலமாரியிலிருந்து முதலில் வெளியே வருவது அதுதான். "நாங்கள் சொல்லிக் கொடுத்தோம், இதோ கையெழுத்து, அவர்தான் கேட்கவில்லை" என்று பேச்சு தொடங்கும். நிர்வாகத்தின் கடமையைத் தொழிலாளியின் தலையில் இறக்கிவைக்க அந்தக் காகிதம் போதும்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். தொழிலாளியின் பாதுகாப்புக்குத் தேவையான தகவல், அறிவுறுத்தல், பயிற்சி, மேற்பார்வை எல்லாவற்றையும் தர வேண்டியது நிர்வாகம் என்று அது சொன்னது. அதே திருத்தத்தில் வந்த 111ஏ பிரிவு, பயிற்சியைக் கேட்டுப் பெறுவதைத் தொழிலாளியின் உரிமையாக்கியது. 2025 நவம்பர் 21 முதல் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் பற்றிய புதிய சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதிலும் இந்தக் கடமை அப்படியே இருக்கிறது. "வீடியோ போட்டோம்" என்பது இதில் எதையும் நிறைவேற்றாது.

உங்கள் வேலைக்கு வேண்டிய பயிற்சியைக் கேன்டீனில் தரவே முடியாது. உங்கள் மெஷின் பக்கத்தில் நின்றுதான் தர வேண்டும். ஊசி மாற்றும்போதும் நூல் கோக்கும்போதும் மோட்டாரை அணைப்பது, ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை தைக்காமல் நிற்பது, ஊசிக்கு முன்னால் இருக்கும் கார்டையும் (தடுப்பையும்) கண்ணுக்கு இருக்கும் கார்டையும் கழற்றிவைக்காமல் இருப்பது, துப்பட்டாவைப் பின்னால் முடிந்து சடையைக் கொண்டையாக்குவது, மோட்டாரில் படியும் பஞ்சைத் துடைப்பது. இதையெல்லாம் ஒருவர் செய்து காட்ட வேண்டும், அப்புறம் நீங்கள் செய்து காட்ட வேண்டும். பஞ்சை ஏன் துடைக்கச் சொல்கிறார்கள் என்று டெய்லர்களிடம் கேட்டால் "சுத்தத்துக்கு" என்பார்கள். சூடான மோட்டார் மேல் படிந்த பஞ்சு தீப்பிடிக்கும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். காரணம் தெரிந்தவள் யாரும் பார்க்காத நேரத்திலும் துடைப்பாள்.

நான் பயிற்சி முடித்த மறுநாள் ஷெட்டுக்குள் நடந்து போய், வேலையில் இருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்பேன்: "இப்போது கரண்ட் போய்ப் புகை வருகிறது, எந்த வழியாகப் போவாய்? கூட்டிக்கொண்டு போய்க் காட்டு." அவர் நடக்கும்போது எனக்கு எல்லாம் தெரிந்துவிடும். வழியில் பண்டல் அடுக்கியிருக்கும், கதவு பூட்டியிருக்கும், சாவி வாட்ச்மேனிடம் இருக்கும். பயிற்சி கொடுத்தவரின் வேலை எங்கே பாக்கி என்பதும் அப்போதே தெரியும்.

அடுத்த முறை கையெழுத்துக் கேட்டால், நடத்தாத பாடத்தின் தாளை மட்டும் தனியாக எடுத்து, "இதை எப்போது சொல்லித் தருவீர்கள்?" என்று கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் உங்கள் லைனில் நான்கு பேராகச் சேர்ந்து கேளுங்கள். பாதுகாப்புக் குழு இருந்தால் அதில் இருக்கும் தொழிலாளர் பிரதிநிதி மூலம் எழுத்தில் கேட்பது இன்னும் நல்லது. ஆடிட்டர் உங்களிடம் தனியாகப் பேசினால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அவர் வருவதே அதற்குத்தான்.

பவர் பிரஸ் (தகட்டை அடித்து வடிவமாக்கும் இயந்திரம்) ஓட்டுகிறேன். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் அடிக்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். ஷாப்பில் ஒரு பட்டனைக் கட்டையை வைத்து இறுக்கிவிட்டார்கள், உற்பத்தி கூடுமாம். சூப்பர்வைசருக்கும் தெரியும். "நீ கவனமாக இருந்தால் ஒன்றும் ஆகாது" என்கிறார்.
– வாசகர், ஓசூர்

தம்பி, இந்தக் கடிதத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் சரியில்லை. முதலில் இதைச் செய்யுங்கள்: அந்தக் கட்டை இருக்கும்வரை கையால் பீஸ் வைக்காதீர்கள். காந்தம் வைத்த கருவியோ இடுக்கியோ கேட்டு வாங்கி அதால் வையுங்கள். பட்டனைச் சரிசெய்யச் சொல்லி எழுதிக் கொடுங்கள், அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பட்டனுக்கும் நடுவே அவ்வளவு தூரம் ஏன் வைத்திருக்கிறார்கள்? டை (பீஸுக்கு வடிவம் தரும் அச்சு) இறங்கும் நேரத்தில் இரண்டு கையும் பட்டன் மேல்தான் இருக்க முடியும் என்பதற்காக. ஒன்றை இறுக்கியதும் ஒரு கை சும்மா ஆகிறது. சும்மா இருக்கும் கை, வளைந்து விழுந்த பீஸைச் சரிசெய்யத் தானாகவே டைக்குள் போகும். ஒரு ஷிஃப்டில் ஆயிரக்கணக்கான அடி அடிக்கும் மனிதனிடம் ஒவ்வொரு அடிக்கும் கவனத்தைக் கேட்பது நியாயம் இல்லை. தூக்கம் வரும், குழந்தைக்குக் காய்ச்சல் என்று போன் வந்திருக்கும், பக்கத்தில் யாரோ கூப்பிடுவார்கள். மனிதன் அப்படித்தான் இருப்பான் என்று தெரிந்துதான் கார்டையும் பட்டனையும் சென்சாரையும் கண்டுபிடித்தார்கள். இயந்திரத்தின் ஆபத்தான பகுதிக்கு வேலி போடுவது நிர்வாகத்தின் பொறுப்பு என்று தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவு 1948இலேயே சொல்லிவிட்டது. பயிற்சி கொடுத்துவிட்டோம், அதனால் வேலி வேண்டாம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

உங்கள் பிரஸ் எந்த வகை என்று எழுதவில்லை. பழைய பின் கிளட்ச் பிரஸ்ஸாக இருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு தரம் அடி தொடங்கிவிட்டால் அது பாதியில் நிற்காது, முழுச் சுற்றும் முடித்துத்தான் நிற்கும். கிளட்ச் தேய்ந்திருந்தால் நீங்கள் அழுத்தாமலே இரண்டாவது அடியும் விழும். அந்த மாதிரிப் பிரஸ்ஸுக்குப் பட்டன் போதாது. விரல் நுழைய முடியாதபடி டையைச் சுற்றி மூடும் கார்டு வேண்டும். மோட்டாரை அணைத்த பிறகும் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும், அந்த வேகமே ஒரு அடிக்குப் போதும். டை மாற்றுகிறவர்கள் கையை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வீல் முழுவதும் நின்று, மேலும் கீழும் போகும் ஸ்லைடுக்கு அடியில் முட்டுக் கொடுத்த பிறகே உள்ளே கை போக வேண்டும். உங்கள் பயிற்சியில் இதைச் சொன்னார்களா?

நீங்கள் எழுதிக் கொடுத்தும் அசையவில்லை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் புகார் அனுப்பலாம். புகார் கொடுத்தவர் யார் என்பதை ஆய்வாளர் வெளியே சொல்லக் கூடாது என்று தொழிற்சாலைகள் சட்டத்திலேயே தனிப் பிரிவு வைத்திருந்தார்கள். பிரஸ்ஸின் நம்பரையும் ஷாப்பின் பெயரையும் எழுதுங்கள்.

சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். லேத், டிரில்லிங், கிரைண்டர் என்று ஏழு பேர் வேலை பார்க்கிறார்கள். பாதுகாப்புப் பயிற்சிச் சட்டம் எங்களுக்கும் உண்டா? வெளியாளை அழைத்து வகுப்பு எடுக்க வசதி இல்லை.
– வாசகர், கோவை கணபதி

மின்சாரத்தால் ஓடும் இயந்திரத்தோடு பத்துப் பேர் இருந்தால் தொழிற்சாலை என்று பழைய சட்டம் சொன்னது. புதிய தொகுப்பு அந்த எண்ணை இருபது ஆக்கியிருக்கிறது. எனக்கு அந்த மாற்றம் பிடிக்கவில்லை. கை போகும் விபத்துகளைச் சின்னப் பட்டறைகளில்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். உங்களிடம் ஏழு பேர்தான் என்றாலும் விபத்துக்கு நஷ்டஈடு தரும் பொறுப்பு உங்களுக்கு உண்டு. உங்கள் அலட்சியத்தால் ஒருவர் இறந்தார் என்று வந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு பட்டறையின் அளவைப் பார்க்காது.

வெளியாள் தேவையே இல்லை. திங்கட்கிழமை காலையில் இயந்திரம் போடுவதற்கு முன் பத்து நிமிடம், ஒரு வாரத்துக்கு ஒரு விஷயம், அந்த இயந்திரத்தின் முன்னால் நின்று பேசுங்கள். நீங்களோ மூத்த ஃபிட்டரோ பேசினால் போதும். எதைப் பேசுவது என்று கேட்பீர்கள், அதனால் சிலவற்றைச் சொல்கிறேன்.

லேத்திலும் டிரில்லிங்கிலும் கையுறை கூடாது. பயிற்சிப் படங்களில் எல்லாம் கையுறை மாட்டிய கையைத்தான் காட்டுவார்கள், அதைப் பார்த்துவிட்டு நல்லது நினைத்து வாங்கிக் கொடுக்கிற முதலாளிகள் இருக்கிறார்கள். பீஸைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிற சக்கில் கையுறையின் ஒரு நூல் மாட்டினால் கையையே இழுத்துச் சுருட்டிவிடும். முழுக்கைச் சட்டை, கையில் கட்டும் கயிறு, கழுத்தில் தொங்கும் துண்டு எல்லாமும் அப்படித்தான். சாமிக் கயிறைக் கழற்றச் சொல்வது சங்கடம் என்று எனக்குத் தெரியும். வேலை நேரத்தில் அதைப் பையில் பத்திரமாக வைக்க ஒரு பெட்டி கொடுத்தால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சுருள் சுருளாக வரும் சிப்ஸை எடுக்கக் கொக்கி வைத்த கம்பி கொடுங்கள், கையால் எடுக்கவே கூடாது. சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு லேத்தைப் போடுவது இன்னொன்று. சாவி துப்பாக்கிக் குண்டு மாதிரிப் பறக்கும். சாவியிலிருந்து கையை எடுப்பதே அதைக் கழற்றிய பிறகுதான் என்று பழக்குங்கள்.

கிரைண்டருக்குப் புதுக் கல் மாட்டும் முன், கல்லின் துளையில் விரலை விட்டுத் தூக்கிப் பிடித்து, மரக் கைப்பிடியால் மெதுவாகத் தட்டிக் கேளுங்கள். நல்ல கல் கணீர் என்று ஒலிக்கும். விரிசல் விட்ட கல் மந்தமாகச் சத்தம் தரும், அதை அப்போதே உடைத்துப் போட்டுவிடுங்கள், மூலையில் வைத்தால் யாராவது எடுத்து மாட்டுவார்கள். கல்லில் எழுதியிருக்கும் வேகத்தைவிட மெஷினின் வேகம் கூடக் கூடாது. பீஸைத் தாங்கும் டூல் ரெஸ்டுக்கும் கல்லுக்கும் இடையில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் பீஸ் உள்ளே இழுபட்டுக் கல் வெடிக்கலாம். மாட்டிய பிறகு முதல் ஒரு நிமிடம் கல்லுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று ஓட விடுங்கள்.

வேலை முடிந்ததும் ஏர் பைப்பால் சட்டையில் இருக்கும் தூசியை ஊதிக்கொள்வது எல்லாப் பட்டறையிலும் உண்டு. அழுத்தக் காற்று தோலில் இருக்கும் வெட்டு வழியாக உடம்புக்குள் போகும், கண்ணுக்குள் இரும்புத் துகளை அடித்துவிடும். விளையாட்டாக ஒருவர் மேல் ஒருவர் அடித்துக் குடல் கிழிந்து உயிர் போன சம்பவங்கள் இந்த நாட்டில் நடந்திருக்கின்றன. இதை முதல் வாரமே பேசிவிடுங்கள். இளைஞர்களுக்கு இது ஆபத்து என்றே தெரியாது.

ஃபவுண்டரி வைத்திருக்கும் வாசகர்களும் இருப்பீர்கள் என்பதால் இதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஐப்பசி மழையில் நனைந்த ஸ்கிராப்பை உருகிய உலோகத்தில் போடுவதைவிடப் பெரிய ஆபத்து ஃபர்னஸ் பக்கத்தில் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஆயிரத்து அறுநூறு லிட்டருக்கும் மேலே விரியும். அது உலோகத்துக்கு அடியில் நடந்தால் உலோகம் கூரைவரை போகும். நான் இருந்த ஃபவுண்டரியில் மழைக்காலம் வந்தால் ஸ்கிராப்பைக் கூரைக்குள் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் அடைபட்டு உள்ளே தண்ணீர் தங்கக்கூடிய பைப்புகளைத் தனியாகப் பிரித்து எடுக்கும் வேலைக்கே ஒரு ஹெல்பரை நிறுத்துவோம். என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், "ஃபர்னஸ்காரங்க உசுரை நான்தான் பார்த்துக்கறேன்" என்று அவர் பெருமையாகச் சொல்வார். உண்மையும் அதுதான்.

எங்கள் தொழிற்சாலையில் பாதிப் பேர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். நான் எச்.ஆரில் இருக்கிறேன். பயிற்சி தமிழிலும் ஆங்கிலத்திலும் நடக்கிறது. அவர்கள் தலையாட்டுகிறார்கள். புரிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, ஸ்ரீபெரும்புதூர்

தலையாட்டுவதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே கூடாது. வேலை போய்விடும் என்ற பயத்தில் ஊரைவிட்டு வந்தவர் எதற்கும் தலையாட்டுவார். இப்படி ஒரு கேள்வி உங்களுக்குத் தோன்றியதே எனக்குச் சந்தோஷம்.

அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளர்களில் பெரும்பான்மையினருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டத்தின் 108ஆம் பிரிவு சொன்னது. பலகைக்கு அது போதும். பயிற்சிக்குப் பெரும்பான்மை போதாது, புரியாத அந்த ஒருவர்தான் தவறான வால்வைத் திறப்பார். அவர்களில் மூத்தவர் ஒருவரைப் பயிற்சியாளராகத் தயார் செய்யுங்கள், அதற்குச் சம்பளத்தில் ஒரு தொகை கூட்டிக் கொடுங்கள். அவர் சொன்னதை இன்னொரு தொழிலாளி தன் மொழியில் உங்களுக்கு முன்னால் திரும்பச் சொல்லட்டும், கையால் செய்தும் காட்டட்டும். மொழி தெரியாவிட்டாலும் கையைப் பார்த்தால் சரியா தவறா என்று கண்டுபிடித்துவிடலாம்.

இன்னொரு பக்கமும் பயிற்சி வேண்டும். உங்கள் தமிழ் சூப்பர்வைசர்கள் "ருக்கோ", "ஹட்டோ", "பந்த் கரோ" என்ற மூன்றையாவது கத்தத் தெரிந்திருக்க வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வரும்போது "ஏய் தம்பி, பார்த்து!" என்று கத்தினால் அந்தப் பையன் திரும்பிச் சிரிப்பானே தவிர நகர மாட்டான். அவர்களுக்கும் அதே பொருளில் "நில்லு", "தள்ளிப் போ", "ஆஃப் பண்ணு" மூன்றையும் சொல்லிக் கொடுங்கள். இருவருக்கும் பொதுவாகக் கைச் சைகை ஒன்றை முடிவு செய்து, ஷாப்பில் எல்லோருக்கும் பழக்குங்கள்.

அலுவலகத்தில் தீயணைப்பான் பயிற்சி என்று ஒருவர் வந்து தானே அடித்துக் காட்டிவிட்டுப் போனார். நாங்கள் யாரும் தொட்டதே இல்லை. போதுமா?
– வாசகர், சென்னை துரைப்பாக்கம்

போதாது. ஒவ்வொருவரும் ஒரு தடவை பின்னை இழுத்து, அழுத்திப் பார்த்திருக்க வேண்டும். கையில் தூக்கும் அளவுள்ள தீயணைப்பான் சில நொடிகளில் காலியாகிவிடும். அதைத் தெரிந்துகொண்டால்தான் பெரிய தீயோடு மல்லுக்கட்டாமல் வெளியே ஓடுவீர்கள். குப்பைத்தொட்டி அளவு தீ வரைக்கும்தான் அது. உங்கள் முதுகுப் பக்கம் வாசல் இருக்கும்படி நின்று, தீயின் அடிப்பகுதியைப் பார்த்து அடியுங்கள். மின் பேனலுக்குக் கார்பன் டை ஆக்சைடு வகை, அதன் கொம்பைக் கையால் பிடிக்காதீர்கள், உறைந்துபோகும் குளிர் இருக்கும். தண்ணீர் வகையை மின்சாரத்தில் அடிக்கவே கூடாது. அப்புறம், ஒத்திகையைக் காலை பதினொரு மணிக்கே வைக்காமல் இரவு ஷிஃப்டுக்கும் ஒரு முறை வைக்கச் சொல்லுங்கள். ராத்திரி வெளியே வந்தவர்களை யார் எண்ணுவார்கள், யார் 101க்கு அழைப்பார்கள் என்பது அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது.

சாயப்பட்டறைத் தொட்டியில் இறங்கிய ஒருவர் மயங்கினார், காப்பாற்ற இறங்கிய இரண்டு பேரும் இறந்தார்கள் என்று அடிக்கடி படிக்கிறோம். பயிற்சி பெற்றவர்களுமா இப்படிச் சாகிறார்கள்?
– வாசகர், ஈரோடு

பயிற்சி பெற்றவர்கள் என்று சொல்லப்படுகிறவர்கள் சாகிறார்கள். தேங்கிய கழிவுநீரிலும் அடிச்சேற்றிலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகி அடங்கிக் கிடக்கும். சேற்றைக் கிளறியதும் வெளியே வரும். காற்றைவிடக் கனமானது என்பதால் தொட்டிக்குள்ளேயே தங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால், 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் நூறு பங்கு) பக்கம் வரும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. உள்ளே இருப்பவர் "வாடை போய்விட்டது" என்று நினைக்கும் நேரம்தான் மிக மோசமான நேரம். அளவு மிகவும் ஏறினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் விழுந்துவிடுவார். முகத்தில் கட்டும் துண்டும் தூசி மாஸ்க்கும் இதற்கு ஒன்றும் செய்யாது.

தம்பியோ கூட வேலை பார்த்தவரோ கண் முன்னால் விழும்போது இறங்காமல் நிற்பது மனிதனுக்குக் கடினம். அதனால்தான் "இறங்காதே" என்று வாயால் சொல்லும் பயிற்சி தோற்கிறது. இறங்காமலே ஆளைத் தூக்க முடியும் என்று அவர்கள் கையால் செய்து பார்த்திருக்க வேண்டும். நாங்கள் ஒரு ஆள் எடைக்கு மணல் மூட்டையைக் கட்டித் தொட்டிக்குள் இறக்கி, மேலே முக்காலியும் கப்பியும் வைத்து, வெளியே நிற்பவரைத் தூக்கச் சொல்வோம். தூக்கியதும் அவர் முகத்தில் ஒரு நம்பிக்கை வரும். அது வந்த பிறகு அவர் குதிக்க மாட்டார், கப்பியைத்தான் பிடிப்பார்.

இறங்கும் முன் வெளியே நின்றே வாயு அளக்கும் மீட்டரை மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்திலும் விட்டு அளக்க வேண்டும். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம் இருக்கும், 19.5க்குக் கீழே இருந்தால் இறங்கக் கூடாது. காற்றை உள்ளே செலுத்தும் புளோயர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், உடம்பில் கயிறு மாட்டித் தூக்கும் ஹார்னஸ், மேலே கண்ணெடுக்காமல் ஒருவர், வேலைக்கு அனுமதி தந்து கையெழுத்திட்ட பர்மிட். இவற்றில் ஒன்று இல்லை என்றாலும் வேலை நாளைக்கு. வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி, பாதாளச் சாக்கடை என்றால், பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது, மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மீட்டருக்கும் புளோயருக்கும் முக்காலிக்கும் ஆகும் செலவு அதில் ஒரு சிறு பங்குதான்.

ஜவுளிக்கடையில் நிற்கும் எங்களுக்கு என்ன பயிற்சி?
– வாசகி, மதுரை

உங்களுக்கும் உண்டு, தீ வழியும் ஏணியில் ஏறி மேல் அலமாரியில் எடுப்பதும் அதில் முக்கியம். ஆனால் உங்களுக்கு முதலில் வேண்டியது நாற்காலி. 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, ஊழியர்கள் எல்லோருக்கும் உட்கார வசதி தர வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். நாற்காலி போட்டும் உட்கார்ந்தால் முறைக்கிறார்கள் என்றால், பயிற்சி வேண்டியது மேலாளருக்கு.

பழைய எண்ணெய் பேரல்களை வெட்டச் சொல்கிறார்கள். உள்ளே காலிதான் என்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. மறுத்தால் வேலை போகுமா?
– வெல்டர், தூத்துக்குடி

உங்கள் பயம் சரியானது, அதை விடாதீர்கள். காலிப் பேரல் நிறைந்த பேரலைவிட ஆபத்து. ஒட்டியிருக்கும் எண்ணெயின் ஆவியும் காற்றும் கலந்து உள்ளே நிற்கும், டார்ச் பட்டதும் வெடிக்கும். நன்றாகக் கழுவி, ஆவி இல்லை என்று அளந்து பார்த்து, பர்மிட் கொடுத்த பிறகே நெருப்பு.

2013 ஏப்ரல் 23 அன்று வங்கதேசத்தின் சாவாரில் ராணா பிளாசா கட்டடத்தில் விரிசல் தெரிந்தது. அங்கிருந்த வங்கி தன் ஊழியர்களை அனுப்பிவிட்டது. ஆடைத் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் உள்ளே வரவைத்தார்கள். கட்டடம் இடிந்து விழுந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் விரிசலைக் கண்ணால் பார்த்தவர்கள், பயந்தவர்கள். சம்பளம் பிடிப்பார்கள் என்றுதான் ஏறினார்கள். என் பயிற்சிகளில் இதை நான் சொல்லாமல் விட்டதில்லை. ஆபத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லித் தந்துவிட்டு, அதைச் சொல்ல இடம் தராத கம்பெனியில் பயிற்சியால் ஒரு உயிரும் பிழைக்காது.

உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தோன்றினால் அதை நிர்வாகத்திடமோ பாதுகாப்புக் குழுவிடமோ சொல்லவும், கூடவே ஆய்வாளருக்குத் தெரிவிக்கவும் புதிய தொகுப்பின் 14ஆம் பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது. பேசும் விதத்தில் கவனமாக இருங்கள். "முடியாது" என்று தொடங்காமல், "பேரலைக் கழுவி, அளந்து, பர்மிட் கொடுங்கள் சார், உடனே வெட்டித் தருகிறேன்" என்று சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது சொல்லுங்கள். அன்றைக்கே வாட்ஸ்அப்பிலும் அதையே அனுப்பிவிடுங்கள்.

மில்லில் சேர்ந்த இரண்டாம் நாளே என் மகன் கை மெஷினில் மாட்டிவிட்டது. கழிவுப் பஞ்சை எடுக்கச் சொன்னார்களாம். "இன்னும் இஎஸ்ஐயில் பதியவில்லை, பயிற்சியும் முடியவில்லை, அவன் கவனக்குறைவு" என்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?
– ஒரு தாய், திண்டுக்கல்

அம்மா, பயிற்சி முடியாத பையனை ஓடும் மெஷினில் கைவைக்கச் சொன்னது யார் என்பதுதான் கேள்வி. ஓடும் இயந்திரத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டிய வேலை என்றால், தனிப் பயிற்சி பெற்று, பதிவேட்டில் பெயர் எழுதப்பட்ட, இறுக்கமான உடை போட்ட ஆள்தான் செய்ய வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவு சொன்னது. இரண்டாம் நாள் பையன் அதில் எப்படியும் வர மாட்டான்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு வேலை விபத்து என்றால் இஎஸ்ஐ பாதுகாப்பு முதல் நாளிலிருந்தே உண்டு, இத்தனை மாதம் பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பதியாமல் விட்டது மில்லின் பிழை. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும், கையில் நிரந்தர ஊனம் தங்கினால் அதற்கு மருத்துவக் குழு அளந்து மாதாமாதம் தருவார்கள். அவன் கவனக்குறைவு என்றே வைத்துக்கொண்டாலும், முதலாளியின் வேலையைச் செய்யும்போது நடந்ததால் அந்த உரிமை போகாது. அரசின் தொழில்பழகுநர் திட்டத்தில் சேர்ந்திருந்தால் இஎஸ்ஐ வராது, அப்போது நஷ்டஈடு மில்லே தர வேண்டும்.

இன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் கேஸ் ஷீட்டைப் பாருங்கள். "வீட்டில் விழுந்தார்" என்று எழுதியிருந்தால் "மில்லில் மெஷினில் அடிபட்டது" என்று டாக்டரிடம் சொல்லித் திருத்தச் சொல்லுங்கள். கொண்டுவந்து விட்டவர்கள் அப்படி எழுத வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். வேலைக்கு எடுத்த அன்று வந்த போன் செய்தி, கேட்டில் போட்ட கையெழுத்து, கூட வேலை பார்த்த பையன்களின் நம்பர், எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போட வேண்டாம், பணம் கொடுத்தாலும் வேண்டாம். பக்கத்து இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்கு விபத்து நடந்த தேதி, நேரம், மெஷின் பெயர் எழுதி ஒரு மனு கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.